தேசிகர் கேட்ட பாட்டு

முசிறியில் திருவம்பல தேசிகர் வீட்டில் தேவாரப் பண்களைத் தவிர வேறு பாட்டு ஒலித்ததே இல்லை. ரேடியோ கிடையாது, டிவி கிடையாது. பாடம் கேட்க வருகிறவர்கள் செல்போனை வாசலிலேயே அணைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

"ஒரு தொண்டையில ஒரு இசைதான் தங்கும்" என்பார் தேசிகர்.

அவரிடம் வந்தவர்கள் பலர். கடைசிவரை தங்கியவர் மாசிலாமணி ஒருவர்தான். இருபது வயதில் வந்தார். இப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆற்றங்கரைக் கோயிலில் ஓதுவார் வேலை. காலையிலும் மாலையிலும் சந்நிதியில் பாடுவார். பாடி முடித்ததும் குருவின் வீட்டுக்கு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். குரு சொன்ன எதையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

ஒருநாள் துறையூர்ப் பக்கம் ஒரு குடமுழுக்கில் பாடிவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரம். மாரியம்மன் திருவிழாவுக்காகக் கடைவீதியை அடைத்திருந்தார்கள். பஸ் முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தார். தொண்டை வறண்டிருந்தது. முழங்கால் வலித்தது.

வீதி நடுவே மேடை போட்டிருந்தார்கள். கலர் விளக்குகள், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். இன்னிசைக் கச்சேரி. எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்துவிட நினைத்தார். அப்போது மைக்கில் ஒரு பெண் குரல் எழுந்தது.

அது யார் குரல் என்று அவருக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு முதல் பண் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அவர் மேடைப் பக்கம் நிமிரவில்லை. நாற்காலிகளின் கடைசி வரிசையை ஒட்டி நடந்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றி நிறைய விபூதியோடு, திருவம்பல தேசிகர் உட்கார்ந்திருந்தார்.

கண் மூடியிருந்தது. வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மேடையில் அடித்துக்கொண்டிருந்த அதே குத்துத் தாளம். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

மாசிலாமணி சிறிது நேரம் நின்றார். பிறகு சந்துக்குள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மனைவி தையல்நாயகி தட்டை வைத்தாள். அவர் தொடவில்லை.

"உடம்புக்கு என்ன?"

"அலுப்பு."

"பாடின அலுப்பா?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

மேடையில் பாடியவள் அவர்களுடைய ஒரே மகள் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி.

சில வருடங்களுக்கு முன் ஒரு பகலில் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே அவள் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். மாசிலாமணியின் காதில் விழுந்துவிட்டது. விசாரித்தபோது, ஒரு இன்னிசைக் குழுவோடு வெளியூர் போய்ப் பாடியிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. நேராகக் குருவிடம் போனார்.

"என்ன செய்யட்டும் ஐயா?"

"விட்டுரச் சொல்லு."

"சொன்னேன். ரெண்டும் வேணுங்கிறா."

"ரெண்டும் தங்காது. ஒண்ணை அவ விடணும். இல்லேன்னா அவளை நீ விடணும்."

மாசிலாமணி வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை அப்படியே மகளிடம் சொன்னார். அரசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நீங்க சொல்றதாப்பா, அவர் சொல்றதா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் அவள் போய்விட்டாள்.

பிறகு அந்தக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு தொட்டியத்தில் குடியிருந்தாள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அவர் போகவில்லை. செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனால் தையல்நாயகி திரும்பி வர நேரமாகும். வரும்போது கூடையில் காய் குறைவாக இருக்கும். எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். வீடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

திருவிழாக் கச்சேரிக்கு அடுத்த நாள் ஞாயிறு. காலைப் பூஜையில் பாடி முடித்ததும் மாசிலாமணி தேசிகர் வீட்டுக்குப் போனார். தேசிகர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். மனைவி அகிலாண்டம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.

மாசிலாமணி அவர் காலைத் தொடவில்லை. எதிரே நின்றார்.

தேசிகர் அதைக் கவனித்தார்.

"நேத்து கடைவீதிக்கு வந்திருந்தியா?"

"அந்த வழியாப் போனேன்."

"ம்."

"நீங்க உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"தாளம் போட்டீங்க."

"போட்டேன்."

"பாடினது யாருன்னு தெரியுமா ஐயா?"

"தெரியும். அவ பாடறான்னுதான் போனேன்."

மாசிலாமணி தூணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் குருவின் எதிரே அவர் குரல் உயர்ந்ததில்லை. அப்போதும் உயரவில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"உங்க வார்த்தைக்காக என் பொண்ணை அனுப்பினேன் ஐயா."

"ஆமா."

"அவ கல்யாணத்துக்குக்கூடப் போகல."

"தெரியும்."

"இப்ப நீங்க போய் உக்காந்து தாளம் போடறீங்க. அப்ப நான் எதுக்கு அனுப்பினேன்?"

தேசிகர் கண்ணை மூடிக்கொண்டார். 

"அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு சொன்னா உனக்கு ஆறுமா?"

"தெரியல."

"சரின்னு சொன்னா?"

"ஆறாது."

"அப்ப ரெண்டையும் சொல்லல."

"இது பதில் இல்ல ஐயா."

"இல்லதான்."

வெளியே ஒரு வண்டிக்காரர் பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருக்கோடி தாண்டியது.

மாசிலாமணிதான் மறுபடியும் தொடங்கினார்.

"ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை தர்கா வாசல்ல நின்னு பாட்டுக் கேக்குறீங்களாம். டீக்கடையில உக்காந்து கானாப் பாட்டு கேக்குறீங்களாம். நான் நம்பல. சொன்னவங்களோட சண்டை போட்டேன். நேத்து என் கண்ணாலேயே பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வயசாக ஆக மனசு விரியுதா, தளர்ந்து போகுதா? எந்தப் பாட்டும் பிடிக்குதுன்னா அது பக்குவமா, இல்ல வெறும் அலுப்பா?"

தேசிகர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மேல்துண்டைத் தேடித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கையைக் குடு. கொஞ்ச தூரம் நடக்கணும்."

"எங்க?"

"நடந்துக்கிட்டே பேசலாம். இன்னிக்கு ஒத்தையா என்னால முடியல."

மாசிலாமணிக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கை நீண்டது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இருவரும் வடக்கு வீதியில் நிழல் இருந்த ஓரமாக நடந்தார்கள். பத்தடிக்கு ஒருமுறை தேசிகர் நின்றார்.

"அகிலாண்டம் ஆஸ்பத்திரியில இருந்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஐயா. நானும் வந்து இருந்தேனே."

"நீ சாயங்காலம் வருவே. பகல் பூரா நான்தான் இருந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு. செங்கல் சூளையில வேலை பாக்கறவ. கால் மேல கல் சரிஞ்சு படுத்திருந்தா. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சா போன்ல பாட்டுப் போடுவா. எல்லாம் குத்துப் பாட்டு. எனக்கு உடம்பெல்லாம் எரியும்."

"சொல்லியிருக்கீங்க."

"எரிஞ்சதைத்தான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லல. ஒருநாள் பொறுக்க முடியாம, அதை நிறுத்தும்மான்னு சொல்லலாம்னு எழுந்தேன். அப்பதான் அகிலாண்டத்தோட கையைப் பாத்தேன். போர்வைக்கு வெளிய கிடந்துச்சு. தண்ணி டம்ளரைத் தூக்கத் தெம்பில்லாத கை. ஒரு விரல் மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு. பாட்டுக்குச் சரியா."

மாசிலாமணி அவரைப் பார்த்தார். தேசிகர் வீதியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உனக்கு இது பிடிக்குமான்னு கேட்டேன். எப்பவுமே பிடிக்கும்னா. எப்பவுமேன்னா? சின்ன வயசுலேர்ந்துன்னா. ஏன்டி ஒருநாள்கூடச் சொல்லலேன்னேன். நீங்க கேக்கலியேன்னா."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு வீட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அதைக் கோவமாச் சொல்லல. குறையாவும் சொல்லல. மழை பெய்யலேன்னு சொல்ற மாதிரி சொன்னா. அம்பது வருஷம், மாசிலாமணி. நான் பாடினதை மட்டும் கேட்டுக்கிட்டு ஒருத்தி அந்த வீட்டுல இருந்திருக்கா. பிடிச்சுத்தான் கேக்கறான்னு நெனச்சேன்."

"பிடிச்சும் இருக்கலாம் ஐயா."

"இருக்கலாம். அதையும் இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

தெரு முனையில் சர்ச் இருந்தது. ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே பாடகர் குழு பாடியது. தேசிகர் காம்பவுண்டுச் சுவரின் நிழலில் நின்றார்.

"இங்க கொஞ்சம் நிக்கலாம். தினம் நான் மூச்சு வாங்கற இடம்."

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"மொத தடவை கேட்டப்ப, ஆளுக்கொரு சுருதியில தப்பாப் பாடறாங்கன்னு நெனச்சேன்" என்றார் தேசிகர். "நாலு வாரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. ஒருத்தர் மேல போறார், ஒருத்தர் கீழ போறார், மோதிக்காம ஒண்ணாப் போறாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. இந்தத் தெருவுலதான் எழுபது வருஷமா நடக்கறேன்."

உள்ளே பாட்டு தொடர்ந்தது. மாசிலாமணியின் புருவம் லேசாகச் சுருங்கியது.

"அந்த மூணாவது குரல் இறங்குது" என்றார், தன்னையறியாமல்.

தேசிகர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மாசிலாமணி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"ஆமா, அந்த ஆள் எப்பவும் இறங்குவார்" என்றார் தேசிகர், இருமல் நின்றதும். "நல்ல மனுஷன். தபால் ஆபீஸ்ல இருந்தவர்."

மறுபடியும் நடந்தார்கள். இப்போது மாசிலாமணி கேட்காமலே தேசிகர் பேசிக்கொண்டு வந்தார்.

"சின்னப் பிள்ளையா இருந்தப்ப எனக்கு எது பிடிச்சுது தெரியுமா? சாவு மேளம். எங்க அடிச்சாலும் பின்னாலயே ஓடிடுவேன். எங்கப்பா தேடி வந்து, அங்கேயே அடிச்சு, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வருவார். அப்புறம் பண் படிக்கப் போனேன். கொஞ்ச நாள்லயே மேளச் சத்தம் கேட்டா காதைப் பொத்த ஆரம்பிச்சுட்டேன். அப்பா அடிக்கத் தேவையே இல்லாமப் போச்சு."

"ம்."

"இருவத்தஞ்சு வயசுல, எங்க குரு பாடற மாதிரி பாடாதவன் எவனும் பாட்டுக்காரனே இல்ல. நாப்பதுல ஊர் ஊரா கர்நாடகக் கச்சேரிக்குப் போவேன். கேக்க இல்ல. முன்வரிசையில உக்காந்து குத்தம் கண்டுபிடிக்க. அறுபதுல அதுக்கும் போகல. என் குரலையே நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வருஷா வருஷம் சின்னதாயிட்டே வந்தேன். அதைத் தேர்ச்சின்னு நெனச்சேன்."

"இப்பப் பெரிசாயிட்டீங்களா?"

மாசிலாமணியின் குரலில் கசப்பு இருந்தது. தேசிகர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"இல்ல. அசந்துட்டேன். வாசல்ல காவல் நிக்கத் தெம்பு இல்லாமப் போச்சு, எல்லாம் உள்ள வந்துடுச்சு. அதைப் பெருந்தன்மைன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமா இருக்கு. நீ பக்குவமா அலுப்பான்னு கேட்டே. அலுப்புதான். அலுப்பு இல்லாம என்னை மாதிரி ஆள் எதையும் விட மாட்டான்."

"அப்ப எல்லாப் பாட்டும் பிடிக்குதா?"

"பிடிக்காததும் நிறைய இருக்கு. ஆனா பிடிக்கலேன்னு சொல்றதுக்கு முழுசாக் கேக்க வேண்டியிருக்கு."

 மாசிலாமணிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

"பண்ணு கசந்துபோச்சா ஐயா?"

"இல்ல." தேசிகர் உடனே சொன்னார். "இன்னிக்குக் காலையிலகூடப் பாடினேன். அறுபது வருஷமாப் பாடறதுதான். வேற மாதிரி வந்துச்சு. நல்லா வந்துச்சா, கெட்டுப்போய் வந்துச்சான்னு சொல்லத் தெரியல. நீ இருந்திருந்தா உன்னைக் கேட்டிருப்பேன்."

இத்தனை வருடத்தில் குரு அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 

மணிக்கூண்டு தாண்டியதும் ஒரு டீக்கடை வந்தது. கடைக்காரர் தேசிகரைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். தேசிகர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"இந்தக் கடையிலதான் ஆரம்பிச்சுது" என்றார். "அகிலாண்டம் போனதுக்கப்புறம் எனக்கு அந்தப் பாட்டு வேணும்போல இருந்துச்சு. அவ விரல் ஆட்டின பாட்டு. பேர் தெரியாது, வார்த்தை தெரியாது, எந்தப் படம்னு தெரியாது. மெட்டு மட்டும்தான் மனசுல இருந்துச்சு. இங்க வந்து, டீ மாஸ்டர்கிட்ட அதை முனகிக் காட்டினேன்."

"நீங்களா?"

"நான்தான். கடையே நின்னு பாத்துச்சு. ஒருத்தனுக்கும் பிடிபடல. எனக்குப் பண் பாடற மாதிரிதான் பாட வருது. இழுத்து இழுத்துப் பாடறேன். சாமி பாட்டா தாத்தாங்கிறான் ஒருத்தன். அப்புறம் அவங்களுக்கே பாவமாப் போயிடுச்சு. இதுவா பாருங்க, இதுவா பாருங்கன்னு ஒவ்வொண்ணாப் போட்டாங்க. தினம் வருவேன். தினம் போடுவாங்க. கானா, கிராமத்துப் பாட்டு, இந்திப் பாட்டு, எல்லாத்தையும். என் பாட்டு வரல. ஆனா வந்ததையெல்லாம் கேக்கணுமே. பாதியில எழுந்து போனா அடுத்தது அதா இருந்துடுமோன்னு பயம். அப்படித்தான், மாசிலாமணி. யாரும் எனக்கு ஞானம் குடுக்கல. ஒண்ணைத் தேடப் போய் மத்ததெல்லாம் காதுல விழுந்துச்சு."

"அது கிடைச்சுதா?"

தேசிகர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "உன் பொண்ணு கண்டுபிடிச்சா."

மாசிலாமணி நின்றுவிட்டார். பிடித்திருந்த கை விலகியது. தேசிகர் தடுமாறி, தானே சமாளித்துக்கொண்டார்.

"போன ஆடியில தொட்டியத்துல பாடினா. போனேன். என்னைப் பாத்ததும் பாதிப் பாட்டுல நிறுத்திட்டா. மேடையிலயே நடுங்கிப் போயிட்டா. நான் கையைக் காட்டி, பாடும்மான்னேன். முடிஞ்சதும் கீழ எறங்கி வந்து கால்ல விழப் போனா. வேணாம்னு நான்தான் நகந்துக்கிட்டேன். அவகிட்ட அந்த மெட்டை முனகிக் காட்டினேன். ரெண்டு வரி தாண்டல, சிரிச்சுட்டா. தாத்தா, இதை ஏன் இந்த இழுப்பு இழுக்குறீங்கன்னா. அவ வேகத்துல பாடிக் காட்டினா. அதேதான்."

"ஐயா..."

"நேத்து நீ வந்தப்ப பாடிக்கிட்டிருந்தது அதைத்தான். நான் கேட்டேன்னு பாடினா."

கடையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மாசிலாமணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை மாசமா ஏன் ஐயா எங்கிட்ட சொல்லல?"

"தினமும் சொல்லணும்னு வாயெடுப்பேன். நீ வந்து காலைத் தொடுவே. அதுக்கு மேல வாய் வராது. என்னை நம்பிக் குனிஞ்ச தலையைப் பாத்துக்கிட்டு, நான் மாறிட்டேன்னு எப்படிச் சொல்றது? இன்னிக்கு நீ தொடல. அதான் சொல்ல முடிஞ்சுது."

மாசிலாமணி கீழே குனிந்து பார்த்தார். தேசிகரின் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பு வார் பதிந்து கன்றியிருந்தது. அவர் மறுபடியும் கையைக் கொடுத்தார்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கேக்கல."

"அம்மாவைப் பத்தி?"

"அம்மாதான் வாரா வாரம் போறாளே."

இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. தேசிகர் அதில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதுக்கு மேல என்னால முடியாது."

"ஆட்டோ கூப்பிடறேன், வீட்டுக்குப் போயிடலாம்."

"வீட்டுக்குப் போக இவ்வளவு தூரம் வரல. அங்க பாரு."

சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து. சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலையோடு வெளியே நின்றார்கள். உள்ளே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். டிரம்ஸ் ஒருமுறை உருண்டு நின்றது.

"அரசியா?" என்றார் மாசிலாமணி.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிப்பா."

"நமக்குப் பத்திரிகை இல்லையே ஐயா."

"வாசல்ல நின்னாலே கேக்கும்."

மாசிலாமணி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மண்டபம் மறைந்து மறுபடியும் தெரிந்தது.

"என்னைப் பாத்தா நிறுத்திடுவா."

"நிறுத்தலாம்."

"இத்தனை வருஷம் கழிச்சு நான் என்னன்னு போய் நிக்கிறது?"

தேசிகர் பெஞ்சின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. மாசிலாமணி தள்ளி நின்று அந்த வெயிலை மறைத்தார்.

மண்டபத்தில் கீபோர்டு ஒரு சுருதியைப் பிடித்து நிறுத்தியது. மாசிலாமணியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அவர் பாடுகிற அதே சுருதி.

"அவ நல்லாப் பாடறாளா ஐயா?"

தேசிகர் கண்ணைத் திறக்கவில்லை.

"அதையும் நான் சொல்லித்தான் நீ கேக்கணுமா, மாசிலாமணி?"